படிக்கட்டுத் தெரு

பிப்ரவரி 3

அன்புள்ள கடுகுக்கு,

அக்கா எழுதுகிறேன். இருவரும் சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது. பாதி மட்டும் எழுதுகிறேன்: உன் அத்தான் சௌக்கியம். உனக்கு மருந்தகத்தில் இன்னும் நின்றபடியேதான் வேலையா? கால் வீக்கம் வடிந்ததா?

கப்பல்காரர் ஒரேயடியாகக் கரையேறி நான்கு மாதமாகிறது. எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்து மூன்று வருஷம். இரண்டு பேருக்கும் ஓய்வூதியம், நாலாவது மாடியில் வீடு, கட்டடத்தில் லிஃப்ட், பால்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் கடல். குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் சொல்லப்போகிறேன்.

எங்கள் கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மூன்றாம் மாடி வங்கி மேனேஜரும் அவர் மனைவியும் முதலில் எட்டு நாளில் ஏழு ஊர் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த தடவை மூன்று ஊர். இப்போது ஒரே ஊர், பத்து நாள், தோட்டத்தைப் பார்த்த அறை. போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "படி ஏறணுமா, பாத்ரூம் பக்கத்துல இருக்கா" என்பதுதான் முதல் கேள்வி. அவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஒரு ஊரும் பார்க்காதவள் சிரித்தேன், அதுதான் வேடிக்கை.

முப்பது வருஷத்துக்கு மேல் உன் அத்தான் கடிதத்தில் எழுதிய ஊர்களிலிருந்து பத்தைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டுத் தெரு இருக்கும் துறைமுகம் முதலாவது. வீட்டுக்கு வீடு நீலக் கதவு, படியில் உட்கார்ந்து பறவை விற்கிற கிழவி, எப்போதும் தாமதமாக அடிக்கிற மணிக்கூண்டு. எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கும்போது அதைச் சொன்னால் பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள். "போகலாமா" என்று கேட்டேன்.

"பார்த்தாச்சு" என்றார்.

"நீங்க பார்த்தாச்சு. நான் பார்க்கலையே."

"அதான் ஒவ்வொரு ஊரையும் பத்தி எழுதினேனே. அதுக்கு மேல அங்க என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். டிசம்பரில் கதவு நிலையில் இரண்டு தடவை தோளை இடித்துக்கொண்டேன். "பராக்குப் பார்த்துக்கிட்டு நடக்காதே" என்றார் இவர். தனியாகப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரங்கள் போய்விட்டன, நடுவில்தான் பார்வை இருக்கிறதாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு வருஷம் உபயோகப்படலாம், குறையவும் செய்யலாம் என்றார்.

உன் அத்தானிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லக் கூடாது. சொன்னால் நாளைக்கே கூட்டிப்போவார். பாவம் பார்த்துக் கூட்டிப்போகிற பயணம் எனக்கு வேண்டாம். "வா, காட்டுறேன்" என்று அவர் ஆசையாகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் காத்திருக்கிறேன். போனில் பேச வழியில்லை, மணி அடித்தாலே "ஸ்பீக்கர்ல போடு" என்று பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால் காகிதம்.

பதில் போடு. காலை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்கு.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

என் கால் கிடக்கட்டும். உன் கடிதத்தைப் படித்த பிறகு மருந்தகத்தில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை இன்னொருவருக்கு எடுத்து நீட்டினேன். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள்.

சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாதே. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் கண் மூலையை விரலால் அழுத்திப் பிடி. இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்குத்தான் போகும். இந்த நோயில் போன பார்வை திரும்பாது அக்கா. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. உனக்குத் தெரியாது என்று எழுதவில்லை, எழுதினால் பயந்து மருந்தைப் போடுவாய் என்று எழுதுகிறேன்.

அத்தானிடம் சொல்லிவிடு. புருஷனிடம் என்ன ரோஷம்? நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யாராவது தானாகக் கொடுத்தால் வாங்குவாய், கேட்டு வாங்கமாட்டாய். நான் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்று குண்டானேன்.

என்னிடம் மட்டும் சொன்னாய் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, வெட்கமில்லாமல். சொல்லக் கூடாது என்றால் சொல்லமாட்டேன், என் வாய் பூட்டு. ஆனால் சீக்கிரம் நீயே திறந்துவிடு.

அத்தானை விசாரித்ததாகச் சொல். சோபாவையும்.

கடுகு


மார்ச் 24

அன்புள்ள கடுகுக்கு,

மருந்தை ஒழுங்காக விடுகிறேன், மூலையையும் அழுத்துகிறேன். அவர் பார்த்தால் தூசி விழுந்தது என்கிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதவேயில்லை, இருக்கிறாயா?

சுற்றுலா நிறுவனத்திலிருந்து வழவழவென்று நாலு புத்தகம் வாங்கிவந்து அவர் டீ குடிக்கிற இடத்தில் பரப்பி வைத்தேன். டம்ளரை அதன் மேல் வைத்தார். பிறகு சமாதானம் பேசுகிறவர்போல, "காலைல போய்ட்டு சாயங்காலம் வர்ற மாதிரி ஏதாவது பாரு. ராத்திரி நம்ம கட்டில்ல படுக்கணும், அவ்வளவுதான் எனக்கு" என்றார். உலகம் முழுக்கச் சுற்றிய மனிதர் சொல்கிற பேச்சா இது? வயதாகிவிட்டது என்றால் ஒப்புக்கொள்வேன். வங்கி மேனேஜருடன் சீட்டாட்டத்தில் இன்னும் எழுந்து நின்று சண்டை போடுகிறார்.

என் ஆசையும் மாறிவிட்டது, உனக்கு மட்டும் சொல்கிறேன். பத்து ஊர் இப்போது மூன்று. பரிசோதனை அறையில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இந்த முறை நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அந்தப் பெண் என் கையைத் தட்டிக்கொடுத்து, "புள்ளி வந்துக்கிட்டேதாம்மா இருந்துச்சு" என்றாள்.

நீ அவருக்கு ஒரு வரி எழுதேன். மச்சினி கேட்டால் இரங்குவார். கண் விஷயம் மட்டும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 15

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

மச்சினியின் வணக்கம். கரை வாழ்க்கை உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? சோபாவில் பள்ளம் விழுந்துவிட்டதாகக் கேள்வி.

விசாரணை முடிந்தது, இனி வழக்கு. என் அக்காவை ஏன் எங்கேயும் கூட்டிப்போகவில்லை? கல்யாணமான நாளிலிருந்து உங்களைக் கடல் கொண்டுபோனது, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் குடும்பம் நடத்தினாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாள், எனக்கே அந்தப் படிக்கட்டுத் தெரு மனப்பாடம். அவளுக்கு வேண்டியது நகை இல்லை, பட்டு இல்லை. நீங்கள் நின்ற இடத்தில் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் கூட்டிப்போங்கள் அத்தான். சீக்கிரம் என்ற சொல்லை இரண்டு தடவை படியுங்கள்.

அன்புடன்,
மச்சினி


மே 6

மச்சினிக்கு,

நான் நலம். உன் அக்கா நலம், கொஞ்சம் கவனக்குறைவு, டம்ளரைத் தட்டிவிடுகிறாள். நீ நலமாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதிலை வீட்டுக்கு எழுதாதே. கடலோடிகள் சங்கத்தின் முகவரி பின்பக்கம் இருக்கிறது, அங்கே எழுது. இதை அவளிடம் சொல்லமாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நான் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

நான் எஞ்சின் அறை ஆள். கப்பல் ஓடும்போது எஞ்சினைக் காவல் காக்க வேண்டும். துறைமுகத்தில் நின்றால்தான் அதைத் திறந்து வைத்தியம் பார்க்க முடியும். மேலே இருப்பவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குள் போவார்கள், நாங்கள் பிஸ்டனைக் கழற்றுவோம். சில துறைமுகங்களில் மேல்தளத்துக்கு வந்து ஒரு சிகரெட் பிடித்திருக்கிறேன். கிரேன் தெரியும், சாக்கு மூட்டை தெரியும். உலகத்தில் எல்லாத் துறைமுகத்திலும் அதுதான் தெரியும்.

முதல் கடிதம் எழுதும்போது கல்யாணமாகி மூன்று மாதம். எண்ணெய் நாற்றமும் சூடும் இரைச்சலும் தவிர எழுத ஒன்றுமில்லை. புதுப் பெண்டாட்டிக்கு அதை எழுதுவதா? கப்பல் சமையல்காரர் ஊருக்குள் போய்ப் படம் போட்ட அட்டை வாங்கிவந்தார். அதில் ஒரு நீலக் கதவு இருந்தது. மீதித் தெருவை நான் கட்டினேன். கிழவியையும் நான்தான் உட்கார வைத்தேன்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பேன். உன் அக்கா பதில் எழுதினாள்: "உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன், பிள்ளைகள் கைதட்டினார்கள், அடுத்த ஊர் எப்போது?" அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு ஒரு பூசணிக்காய்தான். எனக்கு ஊருக்கு ஒன்று.

இப்போது அங்கே கூட்டிப்போனால் முதல் தெருமுனையில் மாட்டிக்கொள்வேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. நான் கடிதத்தில் எழுதாத ஏதாவது ஊருக்குச் சம்மதிக்கச் சொல், அடுத்த வாரமே கிளம்புகிறேன். இல்லையென்றால் கொஞ்சம் பொறுக்கட்டும். என்ன அவசரம்? இரண்டு பேரும் திடமாக இருக்கிறோம், இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், மருந்தகத்தில் இருப்புக் கணக்கு எடுக்கிற வேலை.

அத்தான் பதில் எழுதினார். ரொம்ப அலுத்துப் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது, வேலை பார்த்த இடத்துக்கே திரும்பப் போக யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் கடிதத்தில் வராத ஊர் ஒன்றைத் தேர்ந்தெடேன். மலை, ஏரி, ஏதாவது. உடனே வருவார், நான் உத்தரவாதம். ஏன் என்று கேட்காதே.

மருந்து? கண் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் சின்னதாக இருப்பதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கடுகு


ஜூலை 2

அன்புள்ள கடுகுக்கு,

வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். காகிதத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீ நலம்தானே? எனக்கு நலம் இல்லை.

மலையும் ஏரியும் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்க ஆசைப்படுவது ஊரை இல்லை என்பது உனக்குக்கூடப் புரியவில்லையா? கல்யாணமான பிறகு அவரோடு நான் இருந்த நாளையெல்லாம் சேர்த்தால் ஏழு வருஷம்கூடத் தேறாது. மீதி நாளெல்லாம் அவர் வேறெங்கோ இருந்தார். அந்த வேறெங்கோவை ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்தப் படியில்தான் நின்றேன், இந்தக் கதவைத்தான் உனக்கு எழுதினேன் என்று அவர் கை நீட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் நான் காத்திருந்ததற்கு ஒரு இடம் கிடைக்கும். அவர் வாழ்ந்த ஊரை எனக்குக் காட்டப் பிரியமில்லை என்றால், அங்கே நான் வரக் கூடாத ஏதோ இருக்கிறது என்று நினைக்க மாட்டேனா? நினைக்கிறேன் கடுகு. அசிங்கமாகக்கூட நினைக்கிறேன்.

போன வாரம் சைக்கிள்காரர் ஒருவர் பக்கவாட்டில் வந்து கையை உரசிக்கொண்டு போனார். "பார்த்துப் போம்மா" என்று கத்தினார். பார்த்துத்தான் போனேன். பால்கனியிலிருந்து தெரிகிற அந்தக் கொஞ்சம் கடலும் இப்போது முழுசாக அடங்கவில்லை. ஒரு துண்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி அடுத்த துண்டைப் பார்க்கிறேன். அதனால் எனக்கு இனி அகலமானது எதுவும் வேண்டாம். மூன்று ஊரும் வேண்டாம். ஒரு கதவு இந்த ஓட்டைக்குள் அடங்கும். ஒரு நீலக் கதவு, அதன் பக்கத்தில் அவர் முகம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எத்தனை பேரைக் கேலி செய்திருப்போம் நாம். உனக்கு அவர் என்ன எழுதினார்? மறைக்காதே. ஏதாவது தெரிந்தால் சொல்லு. உன் காலில் விழுந்து கேட்கிறேன், சொல்லு.

அக்கா


ஆகஸ்ட் 20

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. போனில் சொன்னால் அக்காவும் கேட்பாள், அதனால்தான் சங்கத்துக்கு எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. டிசம்பரிலிருந்தே. கண் அழுத்தம். அவள் டம்ளரைத் தட்டிவிடுவது கவனக்குறைவால் இல்லை. பக்கவாட்டில் இருப்பது எதுவும் அவளுக்குத் தெரிவதில்லை. டாக்டர் ஒரு வருஷம் சொன்னார், அது அவ்வளவு வராது போலிருக்கிறது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினாள். நீங்கள் பாவம் பார்த்து இல்லாமல் பிரியப்பட்டுக் கூட்டிப்போக வேண்டுமாம்.

நீங்கள் ஒரு வாக்கு வாங்கினீர்கள், அவள் ஒரு வாக்கு வாங்கினாள். நான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மே மாதத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் கடைசிக் கடிதம் மேஜை மேல் ஒரு மாதமாகக் கிடக்கிறது. அவளுக்கு எழுத உட்கார்ந்தால் உங்கள் ரகசியம் வருகிறது, உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் அவளுடையது. இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்தேன். மருந்து கொடுக்கிறவள் நான், காலம் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

நீலக் கதவு இல்லையென்றால் ஒன்றுக்கு நீலச் சாயம் அடியுங்கள். எங்கேயாவது ஒரு படியில் அவளை நிறுத்துங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளே கிளம்புங்கள்.

மச்சினி


செப்டம்பர் 14

மச்சினிக்கு,

உன் கடிதம் சங்கத்தில் நாலு நாள் கிடந்திருக்கிறது. மழை என்று நான் போகவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து, "கிளம்பு, அந்தப் படிக்கட்டு ஊருக்குப் போகலாம்" என்றேன். சிரித்தாள். உடனே அழுதாள். "கடுகு சொல்லிட்டாளா?" என்றாள். இல்லை, எனக்கே ஆசை வந்தது என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. டிக்கெட் எடுத்தேன், அறை பதிவு செய்தேன். பெட்டியில் நாலு புடவையை அவள் தானே மடித்து வைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் தலைவலி, வாந்தி. கண் கல்போல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். இருக்கிற கொஞ்சமும் போகலாம், செய்யாவிட்டால் நிச்சயம் போகும் என்றார் டாக்டர். "ஊருக்குப் போய்ட்டு வந்து பண்ணிக்கிறேன்" என்று கெஞ்சினாள். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். பகலா இல்லையா என்று மட்டும் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவள் கேட்ட பிறகும் ஏழு மாதம் நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் உன்னை விசாரித்தாள். அந்த ஊருக்கு எப்படியும் போக வேண்டும் என்கிறாள். இனி எதற்கு என்று நான் எப்படிக் கேட்பது?

அத்தான்


நவம்பர் 11

அன்புள்ள கடுகுக்கு,

எழுத்து உன் அத்தானுடையது, பேச்சு என்னுடையது. ஒரு வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கேட்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

படிக்கட்டுத் தெரு இருக்கும் ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. வசதிக்குக் குறைவில்லை. கீழ்த்தளத்து அறை, கட்டிலிலிருந்து நான்கு எட்டில் குளியலறை, பிடித்துக்கொள்ளக் கம்பி. வங்கி மேனேஜர் பார்த்தால் பொறாமைப்படுவார்.

முதல் நாளே தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கண் இல்லாவிட்டால் என்ன, காலால் படியை எண்ணிக்கொள்வேன், கதவைக் கையால் தொட்டுக்கொள்வேன் என்று நினைத்தேன். "நாளைக்கு" என்றார். மறுநாள் "கால் வலி" என்றார். நானே சுவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போய் அங்கிருந்த, தமிழ் தெரிந்த பெண்ணிடம் கேட்டேன். "படிக்கட்டுத் தெருவா? இந்த ஊரே தட்டையா இருக்கும்மா. ஏறணும்னா லிஃப்ட்லதான் ஏறணும்" என்று சிரித்தாள். ஊர் மாறி வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அறைக்கு வந்து, "நாம தப்பான ஊருக்கு வந்துட்டோம்ங்க" என்றேன், அவருக்காகக் கவலைப்பட்டு.

அப்போதுதான் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். சமையல்காரர், அட்டை, கதவு. மச்சினிக்கு மே மாதமே தெரியும் என்பதையும் சொன்னார்.

எழுதுங்கள். நிறுத்தாமல் எழுதுங்கள்.

இவர் பொய் சொன்னதற்கு நான் கோபப்படவில்லை கடுகு. எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து எனக்காக ஒரு தெருவைக் கட்டியிருக்கிறார், அதை வைத்து நான் பிழைத்தேன். பிள்ளைகளும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சோபாவில் ஒரு வருஷத்தைக் கழித்தாரே, அது அவருடைய வருஷம் இல்லை. என்னுடையது. எனக்கு மிச்சமிருந்த ஒரே வருஷம். அதை எடுத்து வைத்துக்கொண்டு சீட்டு விளையாடினார். நீயும் அவர் போட்ட திரைக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். மலைக்குப் போ, ஏரிக்குப் போ என்று எனக்கு வழி சொன்னாய்.

நானும் மறைத்தேன். அதையும் எழுதுங்கள் என்றால் "அது வேணாமே" என்கிறார். எழுதுங்கள். கேட்டு வாங்கக் கூடாது என்று இருந்தேன். பிப்ரவரியில் வாய் திறந்திருந்தால் இவர் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பார், ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கதவைப் பார்த்திருப்பேன். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டே என்னைக் குருடாக்கிவிட்டோம்.

இன்று காலை துறைமுகத்துச் சுவர் ஓரமாக உட்கார வைத்தார். உப்புக் காற்று அடித்தது. "என்ன இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

"கடல் இருக்கு."

"அப்புறம்?"

"ரெண்டு கப்பல் நிக்குது."

"அப்புறம்?"

"ஒரு நாய் படுத்திருக்கு."

"எப்படிப்பட்ட நாய்?"

"நாய்தான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. நடுத்தெருவில் கத்தினேன். "பொய் சொல்லுங்க! முன்னால சொன்ன மாதிரி சொல்லுங்க! தெரு இருக்குன்னு சொல்லுங்க, கிழவி இருக்காள்னு சொல்லுங்க, எனக்கு வேற எதுவும் வேணாம்!" ஆட்கள் நின்று பார்த்திருப்பார்கள், அது எனக்குத் தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும் கேட்டது. கடைசியில், "வரமாட்டேங்குதும்மா" என்றார். பார்க்காத ஊரைப் பற்றி முப்பது வருஷம் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், கண்ணெதிரே ஊர் இருக்கும்போது நாய் என்கிறார்.

இன்னும் பத்து நாள் இங்கே இருக்க வேண்டும். அதற்குள் வீட்டுக்குப் போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இங்கேயே இருந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. நீ மன்னிப்புக் கேட்டு எழுதாதே, அதை இவர்தான் வாசிக்க வேண்டியிருக்கும். முடிந்தால் கிளம்பி வா. வரும்போது பேசிக்கொண்டே வா, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று தெரியட்டும்.

இப்போது அறையில் விளக்கு எரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இவரைக் கேட்கவும் மனமில்லை. கடுகு, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

இதையும் எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டேன் என்கிறார். எங்கே, வாசித்துக் காட்டுங்கள் என்கிறேன். வாசிக்கமாட்டேன் என்கிறார்.

உன் அக்கா